மஞ்சில் கூவினால்

ஜூன் 4

இந்த டைரியை அங்கன்வாடி டீச்சர் கொடுத்தாள். பஞ்சாயத்தில் சும்மா கொடுத்ததாம், அட்டையில் ஆனைப் படம். பிள்ளை வீட்டில் என்ன பேசுகிறது, என்ன தின்கிறது, எப்போது தூங்குகிறது என்று தினமும் எழுதி, சனிக்கிழமை கொண்டுபோய் அவளுக்கு வாசித்துக் காட்ட வேண்டுமாம். அவளுக்குத் தமிழ் வாசிக்க வராது. எனக்கு மலையாளம் எழுத வராது. எஸ்டேட் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் அஞ்சாம் வகுப்பு, அதோடு கூடையைத் தூக்கி முதுகில் மாட்டிவிட்டார்கள்.

"வீட்டில குட்டியோட பேசுறது உண்டோ, அம்மச்சீ?" என்று முதல் நாளே கேட்டாள். பேசுவது உண்டாவாம்! நான் என்ன ஊமைச்சியா? இதை மறக்க மாட்டேன்.

அவளுக்கு வாசிக்கத் தெரியாதது ஒருவகையில் நல்லதுதான். நினைத்ததை எல்லாம் எழுதலாம். வேண்டியதை மட்டும் வாசிக்கலாம்.

பிள்ளை இன்றைக்குப் பேசவில்லை. அரைத் தோசை தின்றது.

ஜூன் 6, சனி

"அரைத் தோசை. பேசவில்லை" என்று வாசித்தேன். டீச்சர் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டாள். பெயர் ஜோஸ்மி. முப்பது வயசு இருக்காது. தொடுபுழைப் பக்கத்துக்காரி, மலையில் மஞ்சு, மூடுபனி, பட்டால் தும்முகிறாள்.

அங்கே பிள்ளையின் பெயர் அமேயா. அவள் அம்மா வைத்தது. நான் வைத்தது பேச்சி, என்னைப் பெற்றவள் பெயர். இப்போது இரண்டுக்கும் பிள்ளை திரும்புவதில்லை. நாலு வயசு. போன ஆடிவரைக்கும் வாய் ஓயாது. என்னிடம் தமிழில் "ஆச்சி, முறுக்கு" என்று கேட்கும். அதே மூச்சில் அம்மாக்காரியிடம் மலையாளத்தில் என்னவோ சொல்லும். எந்த ஆளுக்கு எந்தப் பேச்சு என்பது ஒருநாளும் மாறினதில்லை.

அம்மாக்காரியின் அக்காள் வைக்கத்திலிருந்து போன் செய்தாள். அடுத்த மாதம் வந்து பார்ப்பாளாம். பிள்ளை இப்படியே பேசாமல் தின்னாமல் இருந்தால் தன்னோடு கூட்டிப் போய்விடுவாளாம். "டீச்சர்கிட்டயும் விசாரிச்சுட்டேன்" என்றாள். அப்படியானால் இரண்டு பேரும் சேர்ந்துதான் பேசியிருக்கிறார்கள்.

எனக்கு இருப்பது இந்தப் பிள்ளை ஒன்றுதான். விடமாட்டேன்.

ஜூன் 9

வாசலில் நின்றால் எதிர்மலை தெரியும். பச்சைக்கு நடுவே சிவப்பாக, தோலுரித்துத் தொங்கவிட்ட ஆடு மாதிரி. அங்கேதான் இருந்தோம். போன வருசம் ஆடி மழையில் மலை இடிந்து கீழ் லயத்து வீட்டு வரிசையின் மேல் விழுந்தது. மேல் லயத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. நான் மேல் லயம். எங்களை எல்லாம் அங்கே இருக்கக் கூடாது என்று இந்த டிவிஷனுக்குக் கொண்டுவந்து போட்டார்கள்.

என் மகன் அய்யாத்துரையை மூன்றாம் நாள் எடுத்தார்கள். அவன் பெண்டாட்டி கிடைக்கவில்லை. நாயெல்லாம் கொண்டுவந்து தேடினார்கள். பிறகு மழை வலுத்தது, நிறுத்திவிட்டார்கள்.

அவளைப் பற்றி எழுத எனக்கு ஒன்றும் இல்லை.

ஜூன் 10

இருக்கிறது.

வைக்கத்துக்காரி. காயல் கரையில் பிறந்தவள். என் மகன் தேயிலை லாரியைக் கொச்சிக்கு ஓட்டிப் போனவன், வரும்போது இவளைக் கூட்டிக்கொண்டு வந்தான். வந்த அன்றைக்கே என் ரசத்தை மோந்து பார்த்து, "காயம் கொஞ்சம் கூடிப்போயி, இல்லேம்மே?" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். சிரித்துவிட்டால் ஆயிற்றா? மஞ்சள் சுடிதார் போட்டிருந்தாள். இடது செருப்பில் வார் அறுந்து ஊக்கு குத்தியிருந்தாள். எனக்கு எதுவும் மறக்காது.

கொழுந்தெடுக்க வந்தாள். மூன்று மாதத்தில் என் கைவேகம் அவளுக்கு வந்துவிட்டது. அதையும் மறக்கவில்லை.

மலையில் நிற்கும்போது மஞ்சு இறங்கினால் பக்கத்துச் செடிகூடத் தெரியாது. ஆனை நின்றாலும் தெரியாது. அதனால் கூவுவோம். ஒவ்வொருத்திக்கும் ஒரு கூவல் உண்டு, கேட்டதுமே இன்னார் என்று தெரியும். கேட்டவள் பதில் சொல்லியே ஆக வேண்டும். மேலே நிற்கிறவள் "ஏறி வா" என்பாள். கீழே நிற்கிறவள் "எறங்கி வா" என்பாள். பதில் வராமல் கூவினவள் காலை எடுத்து வைக்கக் கூடாது. நின்ற இடத்திலேயே நிற்க வேண்டும். தாயும் மகளும் முகம் முறித்துக்கொண்டு திரிந்தாலும் மஞ்சில் கூவினால் பதில் உண்டு. அது இந்த மலையின் வழக்கம்.

அவள் கூவல் எப்படி என்றால், எங்களைப் பார்த்து "கூ" என்று ஆரம்பிப்பாள். முடிக்கும்போது, அவள் ஊரில் தோணிக்காரனை அக்கரையிலிருந்து கூப்பிடுகிற மாதிரி "ஹோய்" என்று மேலே தூக்கிவிடுவாள். கூ... ஊ... ஹோய். பொம்பளைகள் எல்லோரும் சிரிப்பார்கள். என்னோடு கொழுந்தெடுக்கிற எஸ்தர்தான் எப்போதும் பதில் சொல்வாள்.

எஸ்தர் சொல்லும்போது நான் எதற்கு?

ஜூன் 13, சனி

வாசித்து முடித்ததும் டீச்சர் என்னை உட்காரச் சொன்னாள். குட்டி ஸ்டூல். பிள்ளைகள் உட்காருவது. எனக்கு முழங்கால் மடங்காது என்று தெரியாதா?

"அம்மச்சீ, மஞ்சு வந்தா மோளு ஜன்னலுக்குப் போயிடும். கம்பியைப் பிடிச்சுட்டு உரக்க ஒரு விளி. அப்புறம் காதைக் கம்பிக்கு வச்சு நிக்கும். அரை மணிக்கூர் நிக்கும். உப்புமா கொடுத்தா வேண்டா. பாட்டு போட்டா வேண்டா. அது என்னவாக்கும்?"

"எனக்குத் தெரியாது" என்றேன்.

"எப்படி விளிக்கும்னா..." என்று வாயைக் குவித்தாள்.

"வேண்டாம் டீச்சரே. தெரியாதுன்னு சொல்லுதேம்லா."

எழுந்து வந்துவிட்டேன். அங்கன்வாடி ஜன்னல் எந்தப் பக்கம் பார்த்து இருக்கிறது என்று இன்றைக்குத்தான் கவனித்தேன். எதிர்மலையை.

ஜூன் 14

துணி காயவில்லை. அடுப்பு மேலே கொடி கட்டிப் போட்டேன். எஸ்தர் என் இட்லிக் கொப்பரையை வாங்கிப் போனவள் இன்னும் தரவில்லை.

ஜூன் 17

டீச்சர் வீட்டுக்கே வந்துவிட்டாள். எல்லாப் பிள்ளைகள் வீட்டுக்கும் போகிறாளாம். வாசலிலேயே நிற்க வைத்தேன். தும்மினாள். மறுபடி தும்மினாள். பிறகு உள்ளே கூப்பிட்டுச் சுக்குக் காப்பி கொடுத்தேன், என் வாசலில் நின்று செத்துப்போனாள் என்ற பேர் எனக்கு எதற்கு?

"அம்மச்சி வீட்டில மலையாளம் பேச வேண்டா. தமிழ் நிறுத்தவே கூடாது" என்றாள். நான் எதிர்பார்க்கவில்லை. சண்டைக்குத் தயாராக இருந்தேன். "பக்ஷே மோளுக்கு வீடு ரெண்டு பாதி. ஒரு பாதி அம்மச்சி. மற்றப் பாதி அவளோட அம்மா. அந்தப் பாதியில இப்ப ஆளில்லை. அங்கே நான் கொஞ்சம் நிக்கலாம்னா, அம்மா எப்படிப் பேசுவாங்க, என்ன பாடி உறக்குவாங்க, எனக்கு அறியில்லல்லோ. சொல்லித் தரணும்."

"எனக்கெப்படித் தெரியும்? அவ வீடு கீழ. என் வீடு மேல."

"ஒண்ணும் கேட்டதில்லையோ?"

"இல்ல."

பொய்தான் சொன்னேன். இவளுக்கு எதற்குத் தர வேண்டும்? தந்தால் வைக்கத்துக்குப் போன் போட்டுச் சொல்வாள். அம்மாக்காரி பிள்ளைக்கு எண்ணெய் தேய்க்கும்போது பெருவிரலால் காது மடலை மூன்று தடவை இழுத்துவிட்டு "சுந்தரிக்கோதே" என்பாள். உறங்க வைக்கும் பாட்டில் மூன்றாவது அடி மட்டும் அவளுக்கு மறந்துபோகும், முனகிச் சமாளிப்பாள். எல்லாம் தன் வீட்டுப் படியில் உட்கார்ந்து செய்வாள். என் காதை நான் எங்கே கொண்டுபோய் வைக்க?

ஜூன் 20, சனி

காய்ச்சல் என்று சொல்லிப் போகவில்லை. யாருக்குக் காய்ச்சல் என்று சொல்லவில்லை.

ஜூன் 24

பிள்ளை இன்றைக்கு அங்கன்வாடியில் இரண்டு கரண்டி உப்புமா தின்றதாம். சாயந்திரம் அழைத்து வரும்போது என் விரலைப் பிடித்துக் குதித்துக் குதித்து வந்தது. கன்னம் இரண்டும் சிவந்திருந்தது. சந்தோஷப்பட வேண்டும். என்ன செய்து தின்ன வைத்தாள் என்று யோசித்துக்கொண்டே வந்தேன்.

ஜூன் 25

பிள்ளை பேசிவிட்டது.

கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தேன். தமிழில், எனக்குச் சொல்கிற பேச்சில், தெளிவாகச் சொன்னது: "ஆச்சி, அம்மா மஞ்சுக்குள்ள இருக்கா."

கரண்டியைக் கீழே வைத்தேன்.

"எறங்கி வான்னு சொன்னா" என்றது.

கஞ்சி முழுவதும் குடித்தது. நான் குடிக்கவில்லை.

ஜூன் 26

விடிந்ததும் போனேன். டீச்சர் வாசலைக் கூட்டிக்கொண்டிருந்தாள். ஆயா லீவாம்.

"யாரு பதில் சொன்னது?"

விளக்குமாற்றைச் சுவரில் சாத்தினாள். "எஸ்தர் சேச்சி சொன்னாங்க, அது மலையில விளிக்கிறதுன்னு. மறுபடி யாராவது பதில் விளிச்சாத்தான் ஆளு நகரும்னு. ரெண்டு நாளா மஞ்சு வந்தப்போ நான் வெளிய தோட்டத்தில போய் நின்னு... குட்டி ஒண்ணு சாப்பிடட்டேன்னு, அம்மச்சீ."

"என்ன சொன்ன?"

"கீழ நின்னா 'எறங்கி வா' சொல்லணும்னு சேச்சி..."

"அதுக்கு என்ன அர்த்தம்?"

"அர்த்தம்... ஹலோ மாதிரி... அல்லே?"

"கீழ வான்னு அர்த்தம். வழி சொல்லுதது. நீ வழி சொல்லிருக்க டீச்சரே. பிள்ள எங்க எறங்கும்? கீழ என்ன இருக்கு? திரும்பிப் பாரு. கீழ என்ன இருக்கு?"

திரும்பிப் பார்த்தாள். மஞ்சு விலகியிருந்த நேரம். தோட்டம், அதற்குக் கீழே தேயிலை, அதற்குக் கீழே ஓடை, ஓடைக்கு அந்தப் பக்கம் சிவப்பு.

வாயில் துணியை வைத்துக்கொண்டு அழுதாள். அழட்டும் என்று நின்றேன். "இனி பதில் சொல்ல மாட்டேன்" என்றாள். அது சரியா தப்பா என்று எனக்கே தெரியவில்லை, ஆனால் சரி என்றேன்.

அங்கிருந்து எஸ்தரிடம் போனேன். அவள் சுள்ளி ஒடித்துக்கொண்டிருந்தாள்.

"ஒனக்கு எதுக்குட்டி இந்த வேல?"

"பிள்ள கெடந்து ஏங்குது மதினி. நீங்க சொல்ல மாட்டேங்கிய. நாஞ் சொன்னேன்."

"அவ செத்துப்போனா."

"செத்துப்போனது எனக்குத் தெரியும். பிள்ளைக்குத் தெரியுமா? ஒரு கூவலுக்கு ஒரு பதில் வேணும்லா. கடைசிவரைக்கும் நீங்க அவளுக்கு ஒண்ணு சொன்னியளா? என் வாசப்படி ஏறக் கூடாதுன்னு சொன்னதத் தவிர?"

என் கொப்பரையைக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

ஜூன் 27, சனி

வாசப்படி ஏறக் கூடாது என்று நான் சொன்னது வாஸ்தவம். கோபத்தில் யார்தான் சொல்லவில்லை? அவள் அதை அப்படியே பிடித்துக்கொண்டாள். பிள்ளையை மகன் தூக்கிக்கொண்டு வருவான், அவள் படிக்கு அடியிலேயே நிற்பாள். கீழ் லயத்துக்கும் அவர்களாகத்தான் போனார்கள். அங்கே வீடு காலியாக இருந்தது. நான் போகச் சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை.

மலை இடிந்த அன்றைக்குச் சாயந்திரம் எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. எழுதி வைக்கிறேன். மகன் விட்டுப்போன பிள்ளை என் மடியில் தூங்கிக்கொண்டிருந்தது. தகரக் கூரையில் அப்படி மழை. மஞ்சும் மழையும் ஒன்றாகக் கிடந்தது. எஸ்தர் புருசனோடு அடிமாலி ஆஸ்பத்திரியில் இருந்தாள். வேறு யாரும் வாசலைத் திறக்கவில்லை. அந்தச் சத்தத்தில், அந்தக் கல்படிக்கு அடியில் நின்று ஒருத்தி கூவினால் கேட்கவா செய்யும்? முதல் தடவை நீட்டமாக. இரண்டாவது தடவை பாதியில் இருமல் வந்து, ஹோய் மட்டும் தனியாக வந்தது. அதற்குப் பிறகு இல்லை.

மழை. ஒன்றும் கேட்கவில்லை.

ஜூன் 29

மழை. அங்கன்வாடிக்கு அனுப்பவில்லை. பிள்ளை நாளெல்லாம் ஜன்னலில்.

ஜூலை 1

இன்றைக்கே எழுதிவிட வேண்டும்.

மழை விட்டதால் பிள்ளையைக் கொண்டுபோய் விட்டேன். பத்து மணிக்கு மேலே மஞ்சு இறங்கியது. அப்படி ஒரு மஞ்சு, அடுப்படியில் இருந்து வாசல் தெரியவில்லை. எனக்கு உட்காரப் பிடிக்கவில்லை. கம்பளியைப் போர்த்திக்கொண்டு கிளம்பினேன். பாதி வழியில் டீச்சர் எதிரே ஓடிவந்தாள். காலில் செருப்பில்லை.

"மோளு இல்லை அம்மச்சீ! ஜன்னல்ல நின்னு விளிச்சுது. நான் பதில் சொல்லல. சத்தியமா சொல்லல. மத்தக் குட்டிங்களுக்குக் கை கழுவிட்டுத் திரும்பினா..."

கதவுக் கொண்டி எட்டாமல் இருந்திருக்கிறது. ஸ்டூலைப் போட்டு ஏறியிருக்கிறது.

பதில் வராவிட்டால் காலெடுக்கக் கூடாது. ஆனால் பிள்ளைக்குப் பதில் ஏற்கெனவே வந்துவிட்டதே. எறங்கி வா என்று.

மலையில் கொழுந்தெடுத்தவர்கள் எல்லோரும் கூடையை இறக்கிவிட்டுத் தேடினார்கள். "பேச்சி!" என்று நான் கூப்பிட்டேன். "அமேயா!" என்று டீச்சர் கூப்பிட்டாள். நாலா பக்கமும் ஆளாளுக்குக் கூப்பிட்டார்கள். மஞ்சு எல்லாவற்றையும் தின்றுவிட்டது. தேயிலைச் செடி பிள்ளையைவிட உயரம். உள்ளே நின்றால் ஒரு முழம் தள்ளி நிற்கிறவருக்கும் தெரியாது. கீழே ஓடையில் மழைத் தண்ணீர் உருட்டிக்கொண்டு போகிற சத்தம்.

எஸ்தர் என் கையைப் பிடித்தாள். "மதினி, பேரு சொல்லிக் கூப்பிட்டா வராது. அவ அம்மா மாதிரி கூவணும். எனக்கு அந்த முடிவு வராது. அன்னைக்கே டீச்சருக்குச் சரியாச் சொல்லித் தர முடியல. ஒங்களுக்கு வரும்."

"எனக்கு வராது."

"ஒங்களுக்கு எதுதான் மறந்துருக்கு?" என்றாள்.

நான் பாதை ஓரத்துப் பாறையில் ஏறினேன். கம்பளியை எடுத்துப் போட்டேன். அவள் எப்போதும் ஒரு கையைக் கன்னத்தில் வைத்துக்கொண்டுதான் கூவுவாள், பல்வலிக்காரி மாதிரி. நானும் வைத்தேன்.

கூ... ஊ... ஹோய்.

என் தொண்டையிலிருந்துதான் வந்தது. ஆனால் என் சத்தம் இல்லை. எஸ்தர் வாயைப் பொத்திக்கொண்டாள். எங்கேயோ மஞ்சுக்குள்ளிருந்து ஒரு பொம்பளை "யம்மா!" என்று அலறினாள். பிறகு மலை முழுக்க ஒரு சத்தமும் இல்லை. எல்லோரும் நின்றுவிட்டார்கள் என்று தெரிந்தது.

இரண்டாவது தடவை கூவினேன். பாதியில் இருமல் வந்தது. ஹோய் மட்டும் தனியாகப் போனது.

அப்போது கீழேயிருந்து, ரொம்பக் கீழேயிருந்து, ஊசி மாதிரி ஒரு சத்தம்.

"எறங்கி வா..."

முழங்கால் மடங்காது என்று யார் சொன்னது? உட்கார்ந்து சறுக்கிக்கொண்டே போனேன். புடவை கிழிந்தது. ஓடைக்கு இந்தப் பக்கம் ஒரு கல்லின் மேல் பிள்ளை உட்கார்ந்திருந்தது. காலில் அட்டை. கையிரண்டையும் மடியில் வைத்துக்கொண்டு, பந்தியில் இலைக்கு உட்கார்ந்த மாதிரி அடக்கமாக.

என்னைப் பார்த்தது. என் பின்னால் பார்த்தது. மறுபடி என்னைப் பார்த்தது.

"நீயா ஆச்சி கூவுன?"

"ஆமா."

"அம்மா இல்லையா?"

"இல்ல."

"நான் பதில் சொன்னேன்லா" என்றது. அவ்வளவுதான். அழவில்லை. தூக்கச் சொல்லிக் கையை நீட்டியது.

ஜூலை 2

உடம்பு முழுக்க வலி. பிள்ளை பழைய சோறு கேட்டு வாங்கித் தின்றது.

ஜூலை 4, சனி

டீச்சருக்கு இன்றைக்கு வாசித்துக் காட்டியது கொஞ்சம் அதிகம். அதற்காக எல்லாவற்றையும் இல்லை. எண்ணெய் தேய்க்கிறது, காது மடல், சுந்தரிக்கோதே. பாட்டைப் பாடிக் காட்டச் சொன்னாள். மூன்றாவது அடி வந்ததும் முனகினேன்.

"அம்மச்சீ, அந்த வரி எனக்குத் தெரியும், சொல்லட்டே?"

"வேண்டாம். அவ அப்படித்தான் பாடுவா."

டீச்சர் அப்படியே முனகக் கற்றுக்கொண்டாள்.

போன் விஷயத்தையும் கேட்டேன், மனசில் வைத்துக்கொள்வானேன். வைக்கத்துக்காரி அக்காள் கேட்டதற்கு இவள் என்ன சொன்னாளாம்? "குட்டி பேசாம இல்லை, நமக்குக் கேக்கத் தெரியல. அதுக்குச் சமயம் வேணும்னு சொன்னேன்" என்றாள். நான் நம்பிவிட்டேன் என்று இல்லை.

ஜூலை 8

டீச்சர் எல்லாத் தாய்மார்களையும் அங்கன்வாடிக்கு வரவழைத்தாள். கொழுந்தெடுத்துவிட்டுக் கூடையோடே வந்தார்கள். ஒவ்வொருத்தியும் தன் கூவலைக் கூவிக் காட்ட, பிள்ளைகள் "எங்கம்மா! எங்கம்மா!" என்று குதித்தார்கள். அஸ்ஸாமிலிருந்து வேலைக்கு வந்த ஒருத்தி, பேச்சே புரியாது, அவளும் கூவினாள், அவள் மகன் வெட்கப்பட்டு ஸ்டூலுக்கடியில் போய்விட்டான். டீச்சர் கூவினபோது தும்மல் வந்து எல்லோரும் சிரித்தோம். நானும்தான்.

இனி மஞ்சு வந்தால் பிள்ளைகள் ஜன்னலில் கூவலாம். டீச்சர் உள்ளே மேல்படியில் நின்று "ஏறி வா" என்று மட்டும்தான் சொல்வாள். கீழே நின்று யாரும் எதுவும் சொல்லக் கூடாது. இது நான் போட்ட சட்டம்.

பேச்சி மற்றப் பிள்ளைகளோடு கூவுகிறது. டீச்சர் சொன்னால் இப்போது நகர்ந்து வந்துவிடுகிறது. ஆனால் வீட்டில் ஜன்னலுக்குப் போனால் நிற்கிறது. பதில் யார் வாயிலிருந்து வர வேண்டும் என்று அதற்குத் தெரிந்திருக்கிறது. நான் அடுப்பைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

ஜூலை 12, ஞாயிறு

அக்காள் வந்தாள். பிரமீளா என்று பெயர். பிள்ளைக்குப் புது உடுப்பு, ஒரு பை. பையைப் பார்த்ததுமே தெரிந்தது, காலியாகத்தான் கொண்டுவந்திருந்தாள். துணியை அடுக்கிக்கொண்டு போவதற்கு.

முகம் வேறு. சத்தம் அதே சத்தம். கதவுக்கு வெளியே அவள் "அம்மே" என்று கூப்பிட்டபோது என் கையிலிருந்த டம்ளர் விழுந்தது.

டீச்சரும் வந்திருந்தாள். நான்தான் வரச் சொன்னேன்.

"அம்மே, எனக்கு வழக்கு ஒண்ணும் இல்லை" என்றாள் பிரமீளா. "அனியத்தியோட, என் தங்கச்சியோட குழந்தை. இந்த மலையைப் பாத்துட்டே வளரணுமா? அங்கே காயல், நல்ல நர்ஸரி, நம்ம பாஷை. ஓடைக்குப் போன காரியமும் கேட்டேன். நாளைக்கு வேற ஒண்ணு நடந்தா?"

டீச்சரைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்த்தாள். "பறஞ்சது நான்தான்" என்றாள். "மறைக்கக் கூடாதுல்லோ." பெரிய நியாயஸ்தி.

பிள்ளைக்குச் சோறு போட்டேன். அப்போது மஞ்சு இறங்கியது. பிள்ளை தட்டை விட்டு எழுந்து ஜன்னலுக்குப் போனது.

கூ... ஊ... ஹோய்.

பிரமீளா நெஞ்சில் கைவைத்தாள். "ஈஸ்வரா, அது நம்ம கடவில தோணிக்கு விளிக்கிறது! அவ சின்னதில விளிப்பா!" ஓடிப்போய்ப் பிள்ளைக்குப் பக்கத்தில் முட்டி போட்டு உட்கார்ந்து அவளும் கூவினாள். "பூ... ஹோய்!" அதே சத்தம். அதே தொண்டை.

பிள்ளை அவளைத் திரும்பிப் பார்த்தது. கொஞ்ச நேரம் பார்த்தது. பிறகு மறுபடி காதைக் கம்பியில் வைத்தது.

"முதல் பாதி வேற" என்றாள் பிரமீளா, பாதி தனக்குள்ளே. "'கூ'ன்னு ஏன் விளிக்குது? அது நம்மது இல்லை."

"அது எங்களது" என்றேன். "இங்க வந்து சேத்துக்கிட்டா."

டீச்சர் மெதுவாக என்னிடம் வந்தாள். "அம்மச்சீ. நான் சொன்னா அங்கன்வாடியில போதும். இங்கே போதாது."

பிள்ளை நின்றுகொண்டிருந்தது. சோறு ஆறிக்கொண்டிருந்தது. பை தரையில் வாயைத் திறந்துகொண்டு கிடந்தது. வெளியே எதிர்மலை இல்லை, ஓடை இல்லை, ஒன்றும் இல்லை, வெள்ளை. அந்த வெள்ளைக்குக் கீழே ஒரு கல்படி இருக்கிற மாதிரியும், அதன் அடியில் நனைந்துகொண்டு ஒருத்தி நிற்கிற மாதிரியும் இருந்தது. ஒரு கை கன்னத்தில். ஒரு செருப்பில் ஊக்கு.

"ஏறி வா" என்றேன்.

சத்தம் வரவில்லை. எனக்கே கேட்கவில்லை. பிள்ளை திரும்பவில்லை.

ஜன்னலுக்குப் போய்க் கம்பியைப் பிடித்தேன்.

"ஏறி வா! ஏறி வா! மேல வா!"

எத்தனை தடவை சொன்னேன் என்று தெரியாது. டீச்சர் வந்து என் தோளைப் பிடித்தாள். பிள்ளை கம்பியை விட்டுவிட்டு, தட்டுக்குப் போய் உட்கார்ந்து, ஆறின சோற்றைத் தின்ன ஆரம்பித்தது. அப்பளம் கேட்டது. என்னிடம் தமிழில் கேட்டது. பெரியம்மாவிடம் திரும்பி மலையாளத்தில் கேட்டது, இரண்டு பேரில் யார் முதலில் தருகிறோம் என்று பார்க்க.

பிரமீளா சாயந்திரம் பஸ்ஸுக்குப் போனாள். பையை விட்டுவிட்டுப் போனாள். ஓணத்துக்குப் பிள்ளையையும் என்னையும் வைக்கத்துக்கு வரச் சொன்னாள். போகும்போது வாசல்படியில் நின்று, "அவ சொல்லுவா, அம்மைக்கு என்னைப் பிடிக்காது, பக்ஷே எதையும் மறக்க மாட்டாங்க, நல்லா ஓர்மை உண்டுன்னு" என்றாள்.

நான் பதில் சொன்னது பிள்ளைக்கு. பிள்ளைக்கு மட்டும்தான்.

ஜூலை 18, சனி

வாசித்துக் காட்டினேன். போன ஞாயிறு எழுதியதில் அப்பளம் மட்டும்.

ஜூலை 25, சனி

பிள்ளை டீச்சரிடம் தும்மக் கற்றுக்கொண்டுவிட்டது. எஸ்தர் மறுபடி கொப்பரையை வாங்கிப் போயிருக்கிறாள்.

ஆகஸ்ட் 7

ஒரு வருசம். எல்லோரும் எதிர்மலைக்கு மெழுகுவர்த்தி கொண்டுபோயிருக்கிறார்கள். எஸ்தர் கூப்பிட்டாள், நான் போகவில்லை. பிள்ளை அங்கன்வாடியில் இருக்கிறது. டீச்சர் இன்றைக்கு அந்தப் பக்கத்து ஜன்னலில் பிள்ளைகளை வைத்து வர்ணக் காகிதம் ஒட்டுகிறாள்.

மகனுக்குப் பிடித்த கத்தரிக்காய்ப் புளிக்குழம்பு வைத்தேன். ரசமும் வைத்தேன். காயம் குறைத்துப் போட்டேன்.

மத்தியானம் மஞ்சு இறங்கியது. மழை இல்லை. காற்று இல்லை. பக்கத்து வீட்டில் ஆள் இல்லை. கூரையில் ஒரு சொட்டுச் சத்தம்கூட இல்லை.

கேட்டது.

இரண்டாவது தடவை, பாதியில் இருமலோடு.

மழை என்று சொல்ல மழை இல்லை. எழுந்து போய்க் கதவைத் திறந்தேன். வாசப்படியை முந்தானையால் துடைத்தேன். பிரசீதா என்று பேர் சொல்லிக் கூப்பிட்டேன். அந்தப் பேரை நான் வாயால் சொன்னதும் இல்லை, இதுவரை எழுதினதும் இல்லை.

ஏறி வா என்றேன்.

கதவைச் சாத்தவில்லை. குளிர் அடிக்கிறது. அடிக்கட்டும்.